பெரிய நாய் ஏன் இப்படிச் சாப்பிடுகிறது?

எங்கள் வீட்டுக் கருப்பன் 34 கிலோ லாப்ரடார். காலை ஏழு மணிக்குக் கிண்ணத்தை வைத்தால், நான் தண்ணீர்ச் சட்டியைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அது காலியாக இருக்கும். அப்போதும் விடமாட்டான். வெறும் கிண்ணத்தை நக்கி நக்கியே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போவான். இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டு இதற்கு நேர்மாறு. காலையில் வைத்ததை முகர்ந்துகூடப் பார்க்காது. இரவு எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு வாய் அள்ளிக்கொண்டு போய், அக்கா உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும்.

பெரிய இன நாயை முதல்முறை வளர்ப்பவர்கள் இதையெல்லாம் பார்த்துப் பயந்துபோகிறார்கள். சிலர் "ஆலாப் பறக்குது", "திமிர் பிடிச்சது" என்று திட்டுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். இந்தப் பழக்கங்களில் பெரும்பாலானவை அந்த உடம்பு அமைந்த விதத்திலிருந்து வருபவை. எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எதை மாற்ற வேண்டும், எதற்கு நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

பெரிய இனம் என்று இங்கே நான் சொல்வது வளர்ந்த பிறகு சுமார் 25 கிலோவைத் தாண்டும் நாய்களை. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், டாபர்மேன் எல்லாம் இதில் வரும். நன்றாக வளர்ந்த நம்ம ராஜபாளையமும் வரும். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு போன்றவை இதற்கும் மேலே, ராட்சத இனங்கள்.

மெல்லாமல் விழுங்குவது

நாய்க்கு 42 பற்கள். மாட்டைப் போலவோ நம்மைப் போலவோ தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்க அதனால் முடியாது. தாடை கத்தரிக்கோல் மாதிரி மேலும் கீழும்தான் போகும். கடைவாய்ப் பற்கள் இறைச்சியை வெட்டித் துண்டாக்குவதற்கு ஏற்றவை. நாம் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பு தட்டும். மாவுச்சத்தை உடைக்கும் நொதி நம் எச்சிலில் இருப்பதால் அப்படி. நாயின் எச்சிலில் அது கிட்டத்தட்ட இல்லை. வாயிலேயே வைத்து மெல்வதால் அதற்குப் பெரிய லாபம் எதுவும் கிடையாது. தொண்டை வழியாகப் போகிற அளவுக்குத் துண்டாகிவிட்டால் போதும், மிச்ச வேலையை வயிறும் குடலும் பார்த்துக்கொள்ளும்.

அதற்காக நாய்க்குச் சோறு ஆகாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைக் கணையத்தில் சுரக்க வைக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது. நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருக்கிறது. மனிதனோடு சேர்ந்து அவன் மிச்சம் வைத்த தானியத்தைத் தின்று வாழ்ந்த காலம் அதன் உடம்பிலேயே பதிந்துபோயிருக்கிறது. நம் கிராமங்களில் கம்பங்கூழையும் மோர்ச்சோற்றையும் குடித்தே வேட்டைநாய்கள் வளர்ந்ததை நினைத்துப் பார்த்தால் இது ஆச்சரியமாக இருக்காது. வெறும் சோறு மட்டும் போதாது என்பது வேறு விஷயம்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய இனங்கள் பெரும்பாலும் ஒரே ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள் போடும். அத்தனையும் ஒரே தட்டில் முகம் வைத்து வளரும். மெதுவாகத் தின்கிற குட்டிக்கு மிச்சம் இருக்காது. அந்த நாளில் கற்றுக்கொண்டதை அது மறப்பதே இல்லை. வீட்டில் ஒற்றை நாயாக இருந்தாலும், பக்கத்தில் பங்காளி நிற்பதைப் போலத்தான் சாப்பிடும்.

வேகத்தைக் குறைக்க விலை கொடுத்துத் தனிக் கிண்ணம் வாங்கலாம். உள்ளே மேடு பள்ளமாக இருக்கும். நான் முதலில் இட்லித் தட்டில் பரப்பிப் பார்த்தேன். கருப்பன் தட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் பழைய இரும்புப் பணியாரச் சட்டியை எடுத்தேன். கனமானது, நகராது. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நாக்கை விட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிந்த வேலை இப்போது ஏழெட்டு நிமிடம் ஆகிறது.

இந்த வேகத்தை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பதற்கு அடுத்த பகுதி பதில் சொல்லும். பெரிய நாய் வைத்திருக்கிற யாரும் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வயிறு முறுக்கிக்கொள்வது

கால்நடை மருத்துவர்கள் இதைப் 'ப்ளோட்' என்றும் 'ஜிடிவி' என்றும் சொல்வார்கள். இரைப்பையில் காற்று நிறைந்து பலூன் போல உப்பும். உப்பிய இரைப்பை தன்னைத்தானே சுற்றி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பிறகு காற்று மேலேயும் வராது, கீழேயும் போகாது. இரைப்பைக்குப் போகும் ரத்தம் தடைபடும், இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயும் அழுத்தப்படும். காலையில் விளையாடிக்கொண்டிருந்த நாய் சில மணி நேரத்தில் இறந்துபோகும்.

ஆழமான, ஒடுங்கிய நெஞ்சுக்கூடு உள்ள பெரிய நாய்களுக்குத்தான் இது அதிகம். கிரேட் டேன் முதல் வரிசையில் நிற்கிறது. செயின்ட் பெர்னார்டு, வைமரானர், ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன் எல்லாம் பட்டியலில் உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 11 பெரிய, ராட்சத இனங்களைச் சேர்ந்த 1,600க்கும் மேற்பட்ட நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேகமாகச் சாப்பிடும் நாய், வயதான நாய், தாய் தகப்பனுக்கோ கூடப்பிறந்ததற்கோ இது வந்திருக்கிற நாய் ஆகியவற்றுக்கு ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். எல்லாரையும் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. பெரிய நாய் குனியாமல் சாப்பிடட்டும் என்று கிண்ணத்தை ஸ்டாண்டில் ஏற்றி வைக்கிறோம் இல்லையா, அப்படி உயர்த்தி வைத்த நாய்களுக்கு ஆபத்து கூடியிருந்தது. கழுத்திலோ உணவுக்குழாயிலோ பிரச்சினை இருந்து மருத்துவரே ஸ்டாண்டு வைக்கச் சொன்னால் வைக்கலாம். இல்லையென்றால் தரையே நல்லது என்பது என் கருத்து.

ஒரே வேளையாகக் கொட்டி வைக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு நிறைய சாப்பிட்டவுடன் ஓடவிட வேண்டாம். ஒரு மணி நேரமாவது படுக்கட்டும்.

அறிகுறிகளை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்க முயலும், ஆனால் நுரையும் எச்சிலும் தவிர எதுவும் வராது. வயிறு விம்மி, தட்டினால் மத்தளம் போல இருக்கும். உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவிக்கும். ஈறு வெளுக்கும். இதில் முதல் அறிகுறி ஒன்று போதும், கிளம்பிவிட வேண்டும். இஞ்சிச் சாறு, சோடா, ஓமத் தண்ணீர் என்று எதையும் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முறுக்கிய வயிற்றை அறுவை சிகிச்சைதான் சரிசெய்யும். உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணை ஃபோனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கிரேட் டேன் வளர்ப்பவர்கள் கருத்தடை அறுவை சிகிச்சையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கும் முறையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அப்படித் தைத்துவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொள்வது அரிது.

தீராத பசி

லாப்ரடார் எவ்வளவு கொடுத்தாலும் இன்னும் கேட்கும் என்பது வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். வெகுநாளாக இதைக் கெட்ட பழக்கம் என்றும் செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் பலன் என்றும்தான் சொன்னார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினர் ராஃபன் குழு 2016ல் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தது. 'பிஓஎம்சி' என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு காணாமல் போயிருந்தது. சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சேதி சொல்லும் வேலையில் இந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. அவர்கள் பார்த்த லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்தக் குறை இருந்தது. குறையுள்ள ஒவ்வொரு பிரதிக்கும் நாயின் எடை சராசரியாக இரண்டு கிலோ அளவுக்குக் கூடியது. பார்வையற்றோருக்கு வழிகாட்டுவது போன்ற உதவிப் பணிகளுக்குப் பழக்கிய லாப்ரடார்களில் இந்தக் குறை இன்னும் அதிகம், முக்கால்வாசிக்கும் மேல். தின்பண்டம் காட்டிப் பழக்க இவைதான் சுலபம் என்பதால் அப்படித் தேர்வாகியிருக்கலாம்.

அதே குழு 2024ல் இன்னும் ஒரு படி போனது. நாய்களுக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உணவு வைத்து, போதும் என்று அவையே விலகும்வரை கொடுத்தார்கள். குறை உள்ள நாயும் இல்லாத நாயும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டன. அப்புறம் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு சாசேஜை மூடி வைத்து, வாசனை வருகிற மாதிரி நாய்களின் முன்னால் வைத்தார்கள். குறையுள்ள நாய்கள் அதை எடுக்க வெகுநேரம் போராடின. இரண்டு வேளைக்கு நடுவில் இந்த நாய்களுக்குப் பசி சீக்கிரம் திரும்பிவிடுகிறது. அதுபோக, ஓய்வில் இருக்கும்போது இவை மற்ற நாய்களைவிடச் சுமார் 25% குறைவான ஆற்றலையே செலவழிக்கின்றன. பசி அதிகம், செலவு குறைவு. எடை போடாமல் என்ன செய்யும்?

இதைப் படித்த பிறகுதான் கருப்பனை அதட்டுவதை நிறுத்தினேன். அவனுக்கு உண்மையிலேயே பசிக்கிறது. ஆனால் பசிக்கிறதே என்று கொடுத்துக்கொண்டே போனாலும் அவனுக்குத்தான் கேடு. லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து அமெரிக்காவில் நடத்திய ஒரு நீண்ட ஆய்வின் முடிவு 2002ல் வெளியானது. மொத்தம் 48 நாய்கள். ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25% குறைவாக வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

எனவே கண்ணளவில் அள்ளிப் போடாமல் அளந்து போடுங்கள். விலா எலும்பின் மேல் கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது. நடுவில் எதையாவது கேட்டு வந்து நின்றால் பச்சை வெள்ளரி, கேரட், வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். கருப்பனுக்கு வெள்ளரித் துண்டும் கறித் துண்டும் ஒன்றுதான், அதே வாலாட்டல்.

நாய் பத்து மடங்கு பெரிதென்றால் சாப்பாடும் பத்து மடங்கா என்று பலர் கேட்பார்கள். இல்லை. ஓய்வில் இருக்கும் 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 235 கிலோகலோரி தேவை. 50 கிலோ நாய்க்குச் சுமார் 1,315. எடை பத்து மடங்கு, தேவை ஆறு மடங்குகூட இல்லை. குடலைப் பார்த்தாலும் இதே கதைதான். சிறிய நாயின் உடல் எடையில் 7% அதன் உணவுப்பாதை. மிகப் பெரிய நாய்களில் அது 3 சதவீதத்துக்கும் கீழே. உடம்போடு ஒப்பிட்டால் குடல் சின்னது. அதனால்தான் பெரிய நாய்க்கு ஒருநாள் விருந்துச் சாப்பாடு போட்டால் மறுநாள் வயிறு இளகிவிடுகிறது. உணவை மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

சாப்பிட மறுப்பது, தூக்கிக்கொண்டு போவது

இனி அக்கா வீட்டு ஷெப்பர்டு. நல்ல ஆரோக்கியமான, வளர்ந்த நாய் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால் பதற வேண்டியதில்லை. அதிலும் சித்திரை, வைகாசி வெயிலில் அடர்ந்த மயிர் உள்ள பெரிய நாய்கள் பகலில் சாப்பிட விரும்பாது. விடிகாலையிலும் இரவிலும் வைத்துப் பாருங்கள். ஒரு முழு நாள் தாண்டியும் தொடவில்லை, சோர்ந்து கிடக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பல வீடுகளில் இந்த மறுப்பை நாமேதான் பழக்கிவிடுகிறோம். காலையில் சாப்பிடவில்லையே என்று மனசு கேட்காமல் பத்து மணிக்குத் தயிர்ச்சோறு, பதினொரு மணிக்கு முட்டை, பன்னிரண்டு மணிக்குக் கோழி. காத்திருந்தால் நல்லது வரும் என்று நாய் புரிந்துகொள்கிறது. இருபது நிமிடம் வையுங்கள், தொடவில்லையென்றால் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு வையுங்கள்.

வாயில் அள்ளிக்கொண்டு வேறு இடத்தில் போய்த் தின்பது, கூட்டமாக வாழ்ந்த விலங்கின் பழைய பழக்கமாக இருக்கலாம். பெரியது வந்து பிடுங்குவதற்குள் சின்னது தன் பங்கை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். வீட்டு நாய் அதையே தலைகீழாக, நம்மை நோக்கிக் கொண்டுவருகிறது. தனியாகச் சாப்பிட அதற்குப் பிடிக்கவில்லை. எவர்சில்வர் கிண்ணத்தில் கழுத்து வில்லை பட்டு எழும் சத்தமும் சில நாய்களை விரட்டும்.

ஆனால் கனமான நாய்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது தரையைத்தான். நம் வீடுகளில் டைல்ஸும் கிரானைட்டும் வழவழவென்று கிடக்கின்றன. தலையைக் குனியும்போது எடை முழுக்க முன்னங்காலுக்குப் போகும், பின்னங்கால் வழுக்கும். இடுப்பு மூட்டுக் கோளாறு பெரிய இனங்களில் சகஜம் என்பதால் அது வலிக்கவும் செய்யும். அக்கா வீட்டில் கிண்ணத்துக்குக் கீழே பழைய ரப்பர் மிதியடி ஒன்றைப் போட்டோம். மூன்றாம் நாளிலிருந்து பாதிச் சாப்பாட்டை அங்கேயே நின்று சாப்பிடுகிறது. மிச்சப் பாதி இன்னமும் நாற்காலிக்குப் பக்கத்தில்தான், அது பாசம். கிண்ணத்தை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துப் படுத்தபடியே தின்னும் பெரிய நாய்களும் உண்டு. குட்டியிலிருந்தே அப்படியென்றால் பழக்கம். திடீரென்று ஆரம்பித்தால் மூட்டைப் பரிசோதிக்க வேண்டும்.

தண்ணீர், புல், மண்

பெரிய நாய் தண்ணீர் குடித்த இடம் குளமாகிவிடும். நாய்க்குக் கன்னம் முழுசாக மூடியிருக்காது. நம்மைப் போல உறிஞ்சிக் குடிக்க முடியாது. நாக்கைப் பின்பக்கமாக மடித்துத் தண்ணீரில் அடித்து வேகமாக இழுக்கும். நாக்கோடு ஒரு தண்ணீர்த் தூண் எழும்பும், அது விழுவதற்குள் வாயை மூடிக் கடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் இதை வேகக் கேமராவில் படம்பிடித்து 2015ல் விளக்கினார்கள். நாய் பெரிதாக ஆக, தண்ணீரில் படும் நாக்கின் பரப்பும் பெரிதாகும், சிதறலும் கூடும். செயின்ட் பெர்னார்டு மாதிரி உதடு தொங்கினால் பாதித் தண்ணீர் உதட்டு மடிப்பில் தங்கி வீடெல்லாம் சொட்டும். ஒரு சாக்கை விரித்துவிடுவதைத் தவிர வழியில்லை.

புல் தின்றால் வயிறு சரியில்லை, வாந்தி எடுப்பதற்காக அருகம்புல்லைத் தேடிப் போகிறது என்று நம் ஊரில் சொல்வார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். புல் தின்பதற்கு முன்பு நோய்வாய்ப்பட்டது போலத் தெரிந்த நாய்கள் பத்தில் ஒன்றுகூட இல்லை. தின்ற பிறகு வாந்தி எடுத்தவை ஐந்தில் ஒன்று அளவுதான். ஆக, பெரும்பாலான நாய்களுக்குப் புல் தின்பது இயல்பான காரியம். மருந்தடித்த புல்லாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மண்ணையும் சுண்ணாம்புச் சுவரையும் நக்குவது அப்படி அல்ல. கொக்கிப்புழுவோ ரத்தசோகையோ இருக்கலாம், மலத்தையும் ரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். சில நாய்கள் மலம் தின்னும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அதுவும் அபூர்வமான ஒன்றல்ல. உடனுக்குடன் அள்ளிவிடுவதே அதற்கு நல்ல மருந்து.

குட்டிக்குக் கால்சியம் டானிக்

பெரிய இனக் குட்டி வாங்கினால் எலும்பு பலமாகட்டும் என்று கூடவே ஒரு கால்சியம் பாட்டிலும் வாங்கிவரும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் தீங்கு. வளர்ந்த நாய் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைக் கழித்துவிடும். சில மாதக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது, கொடுத்ததில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறக்கும்போது அரைக் கிலோவை ஒட்டி இருந்த கிரேட் டேன் குட்டி ஒரு வயதில் 50 கிலோவை எட்டுகிறது. அந்த வேகத்தில் வளரும் எலும்பில் கால்சியம் அளவுக்கு மீறினால் எலும்பு கோணும், மூட்டுக் குருத்தெலும்பு கெடும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த உணவைக் கொடுத்தால் டானிக்கே தேவையில்லை. வீட்டுச் சாப்பாடு என்றால் எதை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மேஜை உயரத்தில் ஒரு வாய்

சின்ன நாய்க்கு எட்டாதது பெரிய நாய்க்கு எட்டும். சின்ன நாயின் தொண்டையில் இறங்காதது பெரிய நாய்க்கு இறங்கிவிடும். சாம்பார் வெங்காயம், பாயசத்துக்கு எடுத்து வைத்த உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் எல்லாமே நாய்க்கு நஞ்சு. பிரியாணியில் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்ஸைக்கூட விழுங்கும் லாப்ரடார்கள் உண்டு.

நம் ஊர்க் கோடையில் இதைவிட நான் அஞ்சுவது மாங்கொட்டையை. வழவழவென்று, இனிப்பாக, பெரிய நாயின் தொண்டைக்குச் சரியாகப் போகிற அளவில் இருக்கும். உள்ளே போனது குடலில் சிக்கிக்கொள்ளும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, மலம் போகாமல் இருப்பது என்று இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் காட்டும். கொட்டை காணாமல் போயிருக்கிறது என்ற சந்தேகத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்கேனில் எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மாம்பழ நாட்களில் எங்கள் வீட்டில் வெட்டிய பழத்தையும் தட்டில் திரும்பிவந்த கொட்டையையும் எண்ணிப் பார்த்து, மூடி உள்ள குப்பைத் தொட்டியில் போட்டு, தொட்டியை மாடிப்படிக் கதவுக்கு வெளியே வைத்துவிடுகிறோம். கருப்பன் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் படுத்து, இடுக்கில் மூக்கை வைத்து வெகுநேரம் மோந்துகொண்டிருப்பான்.